கடல் நீங்கலாக

அனுப்புநர்:
மணமேல்குடி வட்டாரத்துக் கடலோர ஊர் ஒன்றின் குடிமக்கள்,
புதுக்கோட்டை மாவட்டம்.
(ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்த மனு உங்கள் மேசைக்கு வந்து சேர்வதற்குள் சென்ட் விலை ஏறிவிடும்.)

பெறுநர்:
தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம்,
சென்னை.

பொருள்: எங்கள் கடற்கரையின் வணிக வளர்ச்சி வாய்ப்புகளில் எங்களையும் சேர்த்துக்கொள்ளக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊர் வளர்ந்துவிட்ட சேதி எங்களுக்கே இப்போதுதான் தெரிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையில் வழவழப்பான கலர் நோட்டீஸ் ஒன்றைத் திணித்தார்கள். அதில் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘பே’ என்று ஒரு வால் முளைத்திருந்தது. பீச் வியூ, அப்ரூவ்டு மனை, சுத்தமான காற்று, சுவையான நிலத்தடி நீர். ஸ்பாட் புக்கிங் செய்தால் தங்கக் காசு. இடம் பார்க்க வருவோருக்கு வேன் இலவசம், மதியம் பிரியாணி. அந்தச் சுவையான நிலத்தடி நீர் எந்த மூலையில் இருக்கிறதென்று கேட்டுச் சொன்னால் எங்கள் பெண்களும் குடத்தோடு வந்துவிடுவார்கள்.

நோட்டீஸில் இருந்த கடல் மாலத்தீவு நீலம். இது எந்த ஊர்க் கடல் தம்பி என்று கேட்டோம். “மாடல் அண்ணே” என்றார் கொடுத்த பையன். பாவம், அவனும் நாள் கூலிக்கு வந்தவன்.

எங்கள் கடலின் நிறம் உங்களுக்குத் தெரியாததல்ல. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். இலங்கை ஒரு பக்கம், ராமேஸ்வரம் ஒரு பக்கம் மறைத்து நிற்பதால் பேருக்குத்தான் அலை. இடுப்பளவு தண்ணீர் வேண்டுமென்றால் வெகு தூரம் நடக்க வேண்டும். நடந்தால் சேறு செருப்பை வாங்கி வைத்துக்கொள்ளும். இந்தத் தரையில் கடல்தாழை என்கிற கடற்புல் நன்றாக வளரும், நண்டு வளரும், இறால் குஞ்சு வளரும். குளியல் உடை போட்டு ஓடிவருகிறவர் முழங்காலோடு நின்றுவிடுவார்.

ஆனாலும் இல்லாததை இருப்பதாகக் காட்டும் கலை எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. அரிமர்த்தன பாண்டியன், குதிரை வாங்கி வரச் சொல்லிக் கஜானாப் பணத்தைக் கொடுத்து வாதவூரரைக் கடற்கரைக்கு அனுப்பினான். அமைச்சர் வழியில் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், குருவைக் கண்டார், மாணிக்கவாசகரானார், பணம் கோயிலானது. அரசன் கேட்டபோது நரிகள் எல்லாம் பரிகளாகி மதுரைக்குப் போய் நின்றன. ராத்திரி மறுபடி நரியாகி, லாயத்தில் முன்பே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டுக் காட்டுக்கு ஓடின. அது இறைவன் நடத்திய விளையாடல். அதற்குக் கணக்கு வேறு. இப்போது நடப்பதற்கு இறைவனை இழுக்க வேண்டாம். பத்திரம் பதிகிறவரை பரி, பதிந்த அன்று ராத்திரி நரி. கதையை மேடையில் சொல்கிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் இடம் அந்தப் பழைய குதிரைகள்தான். மனை போட்ட இடத்துக்குப் பக்கத்து வயல்காரரைக் கேட்டுப் பாருங்கள். வண்டிப்பாதைக்குக் குறுக்கே சுவர், வரத்து வாய்க்கால் மேல் தார் ரோடு. அவர் எதையும் விற்கவில்லை, வாங்கவும் இல்லை.

(மணமேல்குடிக்காரரான குலச்சிறை நாயனாரும் இன்னொரு பாண்டியனின் அமைச்சர்தான். ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து அமைச்சர்கள் மதுரைக்குப் போனார்கள். இப்போது இந்தக் கரைக்கு அமைச்சர்கள் வருவது புயலுக்குப் பிறகு.)

எங்கள் சொத்தின் மூலப்பத்திரத்தையும் சொல்லிவிடுகிறோம், வில்லங்கம் பார்க்க வசதியாக இருக்கும். புதுக்கோட்டைத் தொண்டைமான்களிடம் அம்மன் காசு இருந்தது, அரண்மனை இருந்தது; கடல் இல்லை. சமஸ்தானத்துக்கு நாலா பக்கமும் தரைதான். 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிச் சீமை வந்து சேர்ந்தது. அதோடு நாற்பது கிலோமீட்டர் சொச்சம் கடற்கரையும் வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் உட்கார்ந்து அந்தக் கடலுக்குள் எல்லைக்கோடு போட்டன. கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் உட்பிரிவு ஆன சொத்து இது. சர்வே கல்லைத் தண்ணீரில் ஊன்ற முடியாததால், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுக்காரர்களுக்கு அதை அவ்வப்போது இலங்கைக் கடற்படை வந்து அளந்து காட்டுகிறது. எங்கள் மடிவலையால் அக்கரைத் தமிழன் வலை கிழிகிற கதையும் இதில் உண்டு. அதை மறைக்கவில்லை, அது வேறு மனு.

விஷயத்துக்கு வருகிறோம்.

2019 ஜனவரி 18 தேதியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை ஊர்க் கூட்டத்தில் படித்தோம். ஆங்கிலத்தில் இருந்ததால் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, மற்றவர்கள் வலை பொத்திக்கொண்டே கேட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதியென்றால், கடலோர மண்டல வரைபடத்துக்கு ஒப்புதல் வந்த பிறகு, கடல் ஏறி நிற்கும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டர் வரைதான் கட்டடத் தடை. அதற்குக் குறைவென்றால் 200 மீட்டர். அதாவது 2,161 பேர் இருக்கும் ஊரில் 200 மீட்டர்வரை பயப்பட வேண்டிய கடல், 2,162-வது ஆள் இருந்துவிட்டால் 50 மீட்டரோடு சாதுவாகிவிடும். “அந்த ஒரு ஆளு எங்க வீட்டுல போன வருசம் பொறந்துருச்சே” என்றது கூட்டத்தில் ஒரு அப்பத்தா. கணக்கு 2011 என்பதால் பேரப்பிள்ளை செல்லாது என்று விளக்க வேண்டியதாயிற்று.

கடல் இப்படித் தலையை எண்ணிப் பார்த்துத்தான் ஏறும் என்பது கஜா புயலுக்குத் தெரியாமல் போய்விட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் மாவட்டத்தைக் குறுக்கே கடந்து போனபோது அது தென்னையைப் பார்த்தது, மின்கம்பத்தைப் பார்த்தது, படகைப் பார்த்தது; மக்கள்தொகை அடர்த்தியை விசாரித்ததாகத் தெரியவில்லை. அறிவிக்கை வெளியானது அதற்கு இரண்டு மாதம் கழித்து. சாய்ந்த மரத்தை நாங்கள் இன்னும் அறுத்துக்கொண்டிருந்த நேரம்.

இன்னும் சுவையான இடம் ஒன்று இருக்கிறது. அந்த 200 மீட்டர் தடைப் பகுதிக்குள் மீனவர் குடும்பம் புதிதாக வீடு கட்ட வேண்டுமானால் 100 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அதற்கும் மாநில அரசு ஊரோடு கலந்து முழுத் திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும். ஆனால் சுற்றுலாப் பயணிக்கான தற்காலிகக் குடில், உடை மாற்றும் அறை, ஷவர், சிமெண்ட் கல் பதித்த நடைபாதை எல்லாம், ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் சுற்றுலாத் திட்டம் இருந்தால், உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டரில் வரலாம். திருப்புனவாசல் கோயிலில் மூலவருக்கு வேட்டி கட்ட மூன்று முழம், அவரைத் தாங்கும் ஆவுடையாருக்கு முப்பது முழம். “மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று” என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. உங்களுக்கும் ஒரே கடல்தான். உல்லாசத்துக்கு வந்தவருக்குப் பத்து மீட்டர், உப்புக் காற்றில் பிறந்தவனுக்கு நூறு.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை. நாங்கள் இனிமேல் வீடு கட்டுவதாக இல்லை. தற்காலிகக் குடில் கட்டிக்கொள்கிறோம். அதில் தற்காலிகமாகப் பரம்பரை பரம்பரையாக வசிப்போம். வாசலில் ‘வரவேற்பறை’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைக்கவும் சம்மதம்.

உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டில் பயணிகளைத் தங்க வைத்துச் சம்பாதிக்கலாம் என்றும் அறிவிக்கையில் இருக்கிறது. ஆனால் வீட்டின் அடித்தள அளவோ, அமைப்போ, முகப்போ மாறக் கூடாதாம். நல்ல விதி. எங்கள் முகப்பு என்பது வலைக் குவியல், நங்கூரம், உடைந்த ஐஸ் பெட்டி, அதன் மேல் படுத்திருக்கும் நாய். ஒன்றையும் மாற்ற மாட்டோம் என்று உறுதி சொல்கிறோம்.

அடுத்தது காலியிடம். நோட்டீஸ்காரர்களும் அறிவிக்கையும் ஒத்துப்போகும் ஒரே சொல் இதுதான். கடற்கரை விடுதிக்குக் காலி மனையை மேம்படுத்தலாம் என்கிறது அறிவிக்கை. கடலோரம் காலியாகக் கிடக்கிறது என்கிறார்கள் இவர்கள். எந்த இடம் என்று எங்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா, போய்ப் பார்த்தோம்.

விடிவதற்கு முன் அங்கே நாட்டுப்படகுகள் வந்து ஏறும். படகை இழுத்துப் போட ஆள் வேண்டும், ஆள் நிற்க இடம் வேண்டும். வலையைப் பிரித்து விரித்து நீலக்கால் நண்டை ஒவ்வொன்றாகக் கொடுக்கு முறியாமல் கழற்ற வேண்டும். கொடுக்கு போனால் கம்பெனிக்காரர் விலையைப் பாதியாக்குவார். அந்த வேலைக்கு ஒரு வலைக்கு எவ்வளவு மண் தேவை என்பது நகர் ஊரமைப்பு விதிகளில் எங்கும் இல்லை. பிறகு ஏலம். கட்டுமாவடி மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகள் திரும்பும் இடமும் அதுவே. வெயில் ஏறினால் கருவாடு காயும்: சென்னாக்குன்னி ஒரு பக்கம், காரல் ஒரு பக்கம், நடுவில் காக்கை விரட்ட ஒரு கிழவி. மத்தியானம் கிழவி உள்ளே போய்விடுவாள். சாயங்காலம் பிள்ளைகளின் கிரிக்கெட். கல்யாணம் என்றால் பந்தல், சாவு என்றால் நாற்காலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிப்போட்ட விசைப்படகின் வலை, கயிறு, பலகை எல்லாம் பழுது பார்க்க வந்து விரிவதும் இங்கேதான்.

இடம் காட்டும் வேன் பதினோரு மணிக்கு மேல் வருகிறது. ஏலம் முடிந்து, வண்டி போய், ஆட்கள் கண்ணயர்ந்திருக்கும் நேரம். அவர்கள் பார்த்தது பொய்யில்லை. கிழவியும் உள்ளே போயிருப்பாள்.

இந்த நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் புறம்போக்கு என்று பெயர். பட்டா கிடையாது. பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும்போதும் ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்று ஒரு அடைமொழி சேர்த்துக்கொள்கிறது. தாத்தா போட்ட வீட்டுக்கு அங்கீகாரம் தந்தது தாத்தாதான். இதற்கு முந்தைய 2011 கடலோர அறிவிக்கை, மீனவ ஊர்களின் பொது இடங்களை, மீன் காயவைக்கும் இடம் உட்பட, கிராமப் புல எண் அளவில் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. மீனவர்களின் எதிர்கால வீட்டுத் தேவைக்கு மாநிலங்கள் விரிவான திட்டம் தயாரிக்கவும் சொன்னது. 2023-ல் புதிய வரைவு வரைபடங்கள்மேல் கருத்துக் கேட்டபோது மீனவர் அமைப்புகள் எழுந்து நின்று சொன்ன குறையும் இதுவேதான்: ஊரைக் காணோம், வலை காயும் இடத்தைக் காணோம், நாளைய வீட்டைக் காணோம். செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் கிழவி தெரிய மாட்டாள், ஒப்புக்கொள்கிறோம். இறங்கி வந்தால் தெரிவாள்.

இந்தக் கரையில் முறையான பட்டாவோடு இருப்பது ஆவுளியா என்கிற கடற்பசு மட்டும்தான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. எங்களுக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. கடல்தாழை இருந்தால்தான் ஆவுளியா, கடல்தாழை இருந்தால்தான் எங்கள் நண்டும் இறாலும். ஆனால் விடுதியின் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு நோட்டீஸில் பதில் இல்லை. அந்தச் சேற்றுத் தரையில் கழிவை இறக்கினால் கொண்டுபோக அலையும் இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் ‘ஆவுளியா வியூ வில்லா’ என்று விளம்பரம் வரும். அது தண்ணீருக்கு மேலே வருவது மூச்சு விடத்தான் என்பதை வாங்குகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டைக் காட்டிச் சுற்றுலா வளர்க்கிறார்கள்; வளரட்டும். படகோட்டுகிறவன் எங்கள் பிள்ளையாக இருந்தால் நாங்களே டிக்கெட் கிழிக்கிறோம்.

வளர்ச்சி வாய்ப்பு என்ற விருந்தாளி இதற்கு முன்பும் வந்திருக்கிறார். தொண்ணூறுகளில் அவர் பெயர் இறால் பண்ணை. காந்தியவாதி ஜெகந்நாதன் வழக்குப் போட்டு, 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்துகொண்டால் தொழில் நடத்தலாம் என்று வழி விட்டது. தீர்ப்பு ஒரு கதவைச் சாத்த, சட்டம் பக்கத்துக் கதவைத் திறந்தது. பண்ணைக் குட்டைக்கு உப்புநீர் ஏற்றிய வயல் பிறகு நெல்லுக்கு ஆகவில்லை. நெல்லுக்கு ஆகாத நிலம் மனைக்கு ஆகும். ஆக, இப்போது வந்திருப்பவர் அதே விருந்தாளியின் தம்பி.

2020-ல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது எண்ணெய்க் கிணற்றை எதிர்த்துப் போராடிய நெடுவாசல்காரர்களோடு சேர்ந்து நாங்களும் மகிழ்ந்தோம். எங்கள் மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் அதில் உள்ளன. எண்ணெய்க் கிணறு புதிதாக வரக் கூடாது, செம்பு உருக்காலை கூடாது, தோல் பதனிடும் ஆலை கூடாது, கப்பல் உடைக்கக் கூடாது. பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தோம். மனைக்கல் அதில் இல்லை. கப்பலை உடைக்க எங்கள் சேற்றுக் கரைக்கு எவரும் வரப்போவதில்லை. கல் ஊன்றத்தான் வருவார்கள்.

வாங்குவது யார் என்று நினைக்கிறீர்கள்? மாலத்தீவு நீலத்தை நம்பி வரும் சென்னைக்காரர் கொஞ்சம் பேர்தான். கூடுதலானவர்கள் எங்கள் பக்கத்துச் சபுராளிகள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓவர்டைம் பார்க்கிற பிள்ளைகள், வாட்ஸ்அப்பில் வந்த லேஅவுட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ‘கார்னர் மனை’ என்று விரலை வைக்கிறார்கள். மாமனோ மச்சானோ பவர் வாங்கிப் பதிகிறார். பத்து வருடம் கழித்து ஊர் வந்து பார்த்தால் மனைக்கல்லைச் சுற்றிச் சீமைக்கருவேலம். பூங்காவுக்கு விட்ட பத்து சதவீத இடத்திலும் அதே கருவேலம், மரத்தில் பேதமில்லை. அங்கே வீடு கட்ட அவரும் நினைக்கவில்லை, விற்றவரும் நினைக்கவில்லை. விலை ஏறும் என்பதற்காக வாங்கியது. அடுத்தவர் வாங்கினால்தான் ஏறும். இப்படி யாரும் குடியேறாத மனைகளுக்கு நடுவே, குடியிருக்கும் நாங்கள் மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று எழுதப்பட்டிருக்கிறோம்.

எனவே நாங்களே ஒரு மனைப்பிரிவு போடுவதென்று முடிவு செய்துவிட்டோம். 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும் என்பது தெரியும், பதிந்துகொள்கிறோம். மனை எண் ஒன்று, படகு ஏறும் இடம். மனை எண் இரண்டு, ஏலக் கரை. மூன்று, கருவாட்டுத் தரை, கிழவியோடு சேர்த்து. நான்கு, வலை பொத்தும் புன்னை நிழல். ஐந்து முதல் கடைசிவரை, இன்று ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பமாக நெருக்கியிருக்கும் பிள்ளைகளுக்கான வீடுகள், புயலுக்குப் பாதுகாப்பான மேட்டில். திட்டச் சாலை, கழிவுநீர், குடிநீர் எல்லாம் அரசு விதிப்படி. விற்பனைக்கு அல்ல. ஆணையம் செய்ய வேண்டியது ஒன்றே: சுற்றுலாத் திட்டம் எதையும் வரைபடத்தில் ஏற்றுவதற்கு முன் எங்கள் லேஅவுட்டைப் புல எண்ணோடு ஏற்றுவது. அறிவிக்கையே கேட்கிற வேலைதான்; சலுகையாக எதுவும் கேட்கவில்லை.

இதற்குப் பிறகும் விடுதிக்காரர் வந்தால் ஒப்பந்தம் போட எங்களுக்கு மறுப்பில்லை. அந்தக் காலத்தில் ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம், ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்ப்பார்களாம். கருங்கல்லை மரச்சட்டம் போல மெல்லியதாக இழைத்து வளைத்த அந்தக் கூரையை இன்னொரு முறை செய்ய ஆகாது என்பதால். எங்கள் ஒப்பந்த வரைவையும் அந்த மரபில் எழுதியிருக்கிறோம்: மேற்படி விடுதிக்காரருக்கு எங்கள் ஊரில் எல்லா வசதியும் செய்து தரப்படும், கடலும் கடல்தாழையும், உயர் ஓதக் கோட்டிலிருந்து ஊர் வரையுள்ள மணலும், அதற்குப் போகும் பாதையும் நீங்கலாக.

இணைப்பு: ஊர்ப் பெண்கள் கையால் வரைந்த வரைபடம், ஒன்று. (கடல் பழுப்பு நிறத்தில் தீட்டப்பட்டுள்ளது. கலர் பென்சிலில் குறையில்லை.)

மனு பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வைத்த ஒப்புகைச் சீட்டு தேவை. கள ஆய்வுக்கு வருவதானால் விசைப்படகு கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனி தவிர மற்ற நாளில் வரவும். நாட்டுப்படகு கரையேறுவதற்கு முன், இருட்டோடு வந்துவிட வேண்டும். பதினோரு மணிக்கு மேல் வருவதாக இருந்தால் நோட்டீஸையே பார்த்துக்கொள்ளலாம், பயணப்படி மிச்சம்.

இப்படிக்கு,
ஊரார்.